சேணத்தின் சாய்வு

மாமாவின் கிட்டாரை ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தபோது, துடைத்துப் புதுக் கம்பி மாட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மாமா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தை அதைப் பழைய போர்வை ஒன்றில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்திருந்தார். "நீயே எடுத்துட்டுப் போ கண்ணு, இங்க இருந்தா பூசணந்தான் புடிக்கும்" என்று அவர் சொன்னதில் மிகை ஏதுமில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் மழைக்காலம் வந்துவிட்டால் தோல் செருப்பும் கல்யாண ஆல்பமும்கூடப் பூசணம் பூத்துவிடும். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் பேருந்தில் அதை மடியில் வைத்தபடியே கடந்து வந்து, வீட்டில் போர்வையைப் பிரித்தபோதுதான் அதன் குதிரையின் பின்விளிம்பு பலகையை விட்டு எழும்பி நிற்பதைக் கண்டேன். ஒரு விசிட்டிங் கார்டை அந்த இடைவெளியில் செருகிப் பார்த்தேன். கால்வாசிக்கு மேல் உள்ளே போயிற்று.

குதிரை என்ற சொல்லை வீணையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கம்பிகளைத் தாங்கும் கட்டையை வீணைக்காரர்கள் குதிரை என்பார்கள். கிட்டார் வாசிக்கிறவர்கள் அதையே பிரிட்ஜ் என்றும், அதன் மேல் செருகியிருக்கும் மெல்லிய எலும்புத் துண்டைச் சாடில் என்றும் சொல்கிறோம். சாடில் என்றால் சேணம். ஒருவரையொருவர் கலந்து பேசிக்கொள்ளாமலேயே ஒரு மொழிக்காரர் குதிரைக்கும் இன்னொரு மொழிக்காரர் அதன் முதுகில் கிடக்கும் சேணத்துக்கும் பெயர் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருப்பதால், இங்கே குதிரை, சேணம் என்றே எழுதுகிறேன்.

பெயர் ஒன்றானாலும் இரண்டு குதிரைகளும் செய்யும் வேலை வேறு. வீணையில் கம்பிகள் குதிரையைக் கடந்து போய்க் குடத்தின் ஓரத்தில் உள்ள நாகபாசத்தில் கட்டப்பட்டிருக்கும். ஆகையால் இழுவிசையை நாகபாசம் வாங்கிக்கொள்ள, குதிரை கீழ்நோக்கி அழுந்தி உட்கார்ந்திருந்தால் போதும். தட்டையான மேற்பலகை கொண்ட கிட்டாரிலோ கம்பிகள் குதிரையிலேயே முடிகின்றன. ஆறு எஃகுக் கம்பிகளும் சுருதி சேர்ந்து நிற்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ, அதாவது வளர்ந்த ஆள் ஒருவரின் எடை. உள்ளங்கையை விடச் சிறிய ஒரு பரப்பில் தடவிய பசைதான் அந்த ஆளை இரவும் பகலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, ஊர் விட்டு ஊர் போகும்போது அந்தப் பசை எந்த இடத்திலாவது விட்டுக்கொடுத்துவிடும். குதிரையின் பின்பக்கம் முதலில் எழும்புவதற்குக் காரணம், கம்பிகள் அதை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்ப்பதுதான்.

கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமா ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ரைட்டராக இருந்தார். அந்தத் தோட்டத்து மேலாளர் வேலையை விட்டுப் போனபோது, 1979 இல், அவரிடமிருந்து இதை வாங்கினார். உள்ளே ஒட்டியிருந்த தாளில் கம்பெனியின் பெயர் இருந்த பகுதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஜப்பானில் செய்யப்பட்டது என்ற வரி மட்டும் மிச்சம். மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், பழுத்த எலுமிச்சையின் நிறத்துக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது பிறவியிலேயே இடக்கைக் கிட்டார். வலக்கைக் கிட்டாரில் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டு வாசித்த பெரியவர்கள் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்படித்தான் வாசித்தார். எலிசபெத் காட்டன் என்ற அம்மையார் கம்பிகளைக்கூட மாற்றாமல் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த கருவி அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் கிடைப்பது அரிதிலும் அரிது. மாமாவும் இடக்கைக்காரர், அவருடைய அக்காள் மகளான நானும் இடக்கைக்காரி. "நொட்டாங்கையில வாங்காதே, சோத்துக்கையை நீட்டு" என்று வீடு முழுவதும் அதட்டிய காலத்தில், எங்கள் இருவருக்கும் சரியாகப் பொருந்திய ஒரே பொருள் அந்தக் கிட்டார்தான். 1987 கோடை விடுமுறையில் அவர் எனக்கு அதில் மூன்று கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் பிடிகள், சொல்லிக் கொடுத்தார்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகத் தடுப்புகளை வீணையில் சொல்வதுபோல் மெட்டு என்கிறேன். மாமா மேல் மெட்டுகளில்தான் அதிகம் வாசிப்பார். மிகத் தடித்த கம்பியையும் மிக மெல்லிய கம்பியையும் ஒரே நேரத்தில் கிள்ளி, இரண்டு ஸ்தாயி இடைவெளியில் ஒரே சுரத்தைப் பேசவைப்பது அவருக்கு வழக்கம்; கிறிஸ்துமஸ் காலத்தில் கோயிலில் அவர் அப்படி வாசித்தால் பின்வரிசை வரை தெளிவாகக் கேட்கும். 1996 மழைக்காலத்தில் கிட்டாரின் குதிரை பெயர்ந்துவிட்டது. யாரோ தெரிந்தவர் மூலம் வெளியூரில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினார். புதுக் குதிரை ஒட்டி, பளபளவென்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சங்கொஞ்சமாக அவர் அதை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒருமுறை நான் கேட்டதற்கு, "காது போச்சு கண்ணு, வயசாச்சுல்ல, சுருதியே நிக்க மாட்டேங்குது" என்றார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பிறகு கிட்டார் பீரோ மேல் ஏறிவிட்டது.

எழும்பி நின்ற குதிரையின் மேல் புதுக் கம்பிகளை மாட்டக் கூடாது என்று தெரிந்தும், எவ்வளவு பழுது என்று பார்க்கும் ஆசையில் ஒரு நாள் மட்டும் மாட்டினேன். 12 ஆவது மெட்டின் மேல் தடித்த கம்பி 5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. பாதியளவு இருந்தாலே தாராளம். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு கம்பியையும் திறந்த நிலையில் துல்லியமாகச் சேர்த்தபின் 12 ஆவது மெட்டில் அழுத்தி அளந்தேன். அந்த மெட்டு கம்பியின் நடுப்புள்ளி என்பதால் அங்கே அதே சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். தடித்த கம்பி 14 சென்ட் ஏறி நின்றது. மெல்லிய கம்பி 6 சென்ட் இறங்கி நின்றது. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் இடையே 20 சென்ட் விலகல் என்றால், நம் இசையில் பிரமாண சுருதி என்று சொல்லும் 22 சென்ட் இடைவெளிக்கு ஏறக்குறையச் சமம். அதைத் தவறென்று உணரும் காது கெட்டுப்போன காது அல்ல.

கம்பி உயரமாக நின்றால் அழுத்தும்போது அதிகமாக இழுபட்டுச் சுருதி ஏறும். அது எல்லாக் கம்பிகளுக்கும் பொது. ஆனால் ஒன்று ஏறி இன்னொன்று இறங்கியது ஏன் என்று புரியாமல் கிட்டாரை நிமிர்த்தி மேசையில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் முன்னால் இருந்ததைக் காண எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. சேணம் தவறான பக்கம் சாய்ந்திருந்தது.

எஃகுக் கம்பிக் கிட்டார்களில் பொதுவாகச் சேணம் குறுக்கே நேராக இருக்காது. கம்பியை மெட்டில் அழுத்தும்போது அது சற்றே இழுபடுகிறது. இழுபட்டால் சுரம் ஏறுகிறது. தடித்த கம்பி மெல்லியதைவிட அதிகம் ஏறுகிறது. அதை ஈடுகட்டுவதற்காகக் கம்பியின் நீளத்தைக் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூட்டிவைப்பார்கள். மெல்லிய கம்பிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு ஏறத்தாழ 5. ஆகவே சேணத்தின் தடித்த கம்பிப் பக்கம் 3 மில்லிமீட்டர் பின்வாங்கிச் சாய்ந்திருக்கும். கிட்டாரை நிமிர்த்தி எதிரே நின்று பார்த்தால், வலக்கைக் கிட்டாரில் சேணத்தின் இடது முனை தாழ்ந்திருக்கும். இடக்கைக் கிட்டாரில் வலது முனை தாழ்ந்திருக்க வேண்டும். மாமாவின் கிட்டாரில் இடது முனை தாழ்ந்திருந்தது. வெளியூர்க் கடையில் கையிருப்பில் இருந்த வலக்கைக் குதிரையை எடுத்து ஒட்டிவிட்டார்கள். தடித்த கம்பிக்குக் கிடைக்க வேண்டிய நீளம் மெல்லியதற்கும், மெல்லியதன் நீளம் தடித்ததற்கும் போயிருந்தது. 645 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் 3 மில்லிமீட்டர் பிசகினால் 12 ஆவது மெட்டில் 8 சென்ட் பிழை வரும். ஒரு பக்கம் 8 ஏற்றம், மறுபக்கம் 8 இறக்கம். மீதியை உயரம் செய்தது.

இதில் கொடுமை என்னவென்றால், கீழ் மெட்டுகளில் இந்தப் பிழை காதுக்கே எட்டாது. மூன்றாவது மெட்டு வரை இரண்டு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். கடைக்காரர் ஒட்டிவிட்டு ஒரு கார்டு போட்டுப் பார்த்திருப்பார், நன்றாகத்தான் கேட்டிருக்கும். கோயிலில் மற்றவர்கள் வாங்கி வாசித்தபோதும் நன்றாகத்தான் கேட்டது. மேல் மெட்டில், அதுவும் இரண்டு ஓரக் கம்பிகளையும் சேர்த்து வாசிக்கும் ஒருவருக்கு மட்டுமே பிழை முழு உருவத்தில் தெரியும். அப்படி வாசித்தவர் மாமா ஒருவர்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, தனக்கு மட்டும் கசக்கிறதென்றால், அவர் தன் காதைத்தானே சந்தேகப்பட்டிருப்பார்.

ஆசை இருந்த அளவுக்கு எனக்குக் கைவேலை தெரியாது. அம்மாப்பேட்டையில், கைத்தறிக்கு நாடாவும் தறிச்சட்டமும் செய்தே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்த தச்சர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். விசைத்தறி வந்தபின் நாடா கேட்டு வருபவர்கள் குறைந்துபோய், இப்போது சாமி பீடமும் மணையும் செய்துகொண்டிருக்கிறார். நாடா என்பது தறியில் இரண்டு பக்கமும் ஓட வேண்டிய பொருள். கடினமான மரத்தில், எடை ஒரு பக்கம் சாயாமல், நூல் எங்கும் மாட்டாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். கிட்டார் பழுதுபார்த்தே இராதவரானாலும் மில்லிமீட்டரில் பாதியைக் கையால் உணரக்கூடியவரிடம் போவதே மேல் என்று தோன்றியது. அவர் கிட்டாரை வாங்கி, ஒலித்துளை வழியாக மூக்கை நுழைத்து மோந்து பார்த்துவிட்டு, "வச்சிரம் போட்டு ஒட்டுன பொட்டிங்க டீச்சரம்மா. நடுவுல யாரோ வேற பசை போட்டுக் கெடுத்துட்டாங்க" என்றார்.

பழைய குதிரையைப் பெயர்க்கும் வேலைக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. சுற்றியுள்ள பலகையில் அட்டையும் அதன் மேல் அலுமினியத் தாளும் போர்த்தி, குதிரை அளவுக்கு மட்டும் திறப்பு விட்டு, அதன் மேல் ஈரத்துணி மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினோம். சூடு மரத்தின் வழியாக இறங்கிப் பசையை இளக்க நேரம் எடுக்கும். அவசரப்பட்டால் மேற்பலகையின் வார்னிஷ் கொப்பளித்துவிடும். பெயின்ட் அடிப்பவர்கள் பட்டி பார்க்கும் தகட்டைச் சாணைக்கல்லில் மெலிதாக்கி வைத்திருந்தார். அதைச் சூடுபடுத்தி, எழும்பியிருந்த பின்விளிம்பில் நுழைத்து, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று தள்ளிக்கொண்டே போனார். ஸ்ப்ரூஸின் இழை பலகையின் பரப்புக்குச் சரியான இணையாக ஓடுவதில்லை. ஒரு திசையில் தள்ளினால் தகடு மேலே வழுக்கி வரும், எதிர்த்திசையில் தள்ளினால் இழைக்குள் இறங்கிப் பலகையையே பிளக்கும். அது தெரிந்தும் நான் ஒருமுறை தகட்டை வாங்கித் தள்ளியபோது, நகம் அளவு சில்லு ஒன்று பலகையிலிருந்து பெயர்ந்து குதிரையோடு வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சில்லை ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிட்டுத் தகட்டைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

குதிரை பாதி வந்து நின்றுவிட்டது. அதன் முகத்தில் அலங்காரமாக இருந்த இரண்டு வெள்ளைப் பொட்டுகளைக் கிளப்பிப் பார்த்தால், கீழே இரண்டு போல்ட்டுகள் மேற்பலகையைத் துளைத்து உள்ளே நட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தன. பசை மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்த வேலை. அவற்றைக் கழற்றியதும் குதிரை இரண்டு துண்டாக வந்துவிட்டது. அதைக் காப்பாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அடியில் இரண்டு வகைப் பசை அடுக்காக இருந்தது: கண்ணாடி போன்ற இறுகிய பசை மேலே, தேன் நிறத்துப் பழைய வச்சிரத்தின் திட்டுகள் கீழே. சுரண்டிச் சுத்தம் செய்தபோது, ஜப்பானியத் தொழிற்சாலையில் ஒட்டிய முதல் குதிரையின் விளிம்புக் கோடு வார்னிஷில் மெலிதாகத் தெரிந்தது. பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தபோது, மேற்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் வலக்கைக் கிட்டாரின் கண்ணாடிப் பிம்பமாக ஓடுவதும் தெரிந்தது. கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகளும் இடக்கைக்காரரின் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில்தான் இருக்கின்றன. கருவியில் இத்தனை இடங்களில் எழுதி வைத்திருந்ததை ஒருவர் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

புதுக் குதிரைக்கு மரம் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். தென்னிந்தியக் காட்டு ஈட்டிக்கும் உலகத்துக் கிட்டார்களுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் பிரேசில் ஈட்டியை விட்டுவிட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மாநிலத்தில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1994 இலேயே தனிச் சட்டம் வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் அது 2017 முதல் இருக்கிறது. 2019 இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு வேண்டியதோ ஒரு சாண் நீளத் துண்டு. தச்சர் தம் பட்டறையின் பரணிலிருந்து, யாரோ பிரித்துப் போட்ட பழைய கட்டிலின் கால் ஒன்றை எடுத்தார். அறுத்தபோது ஊதா கலந்த கறுப்புக் கோடுகளோடு, ரோஜாவும் மிளகும் கலந்ததுபோல் ஒரு வாசனை வந்தது. அந்தக் காலிலிருந்து இரண்டு குதிரைகளுக்கு மரம் தேறியது. இரண்டாவது எதற்கு என்று அப்போது நான் கேட்டேன்.

அளவெடுத்தது நான். கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும், நட் என்று சொல்லும் சிறு கட்டையிலிருந்து 12 ஆவது மெட்டின் நடுவரை 322.5 மில்லிமீட்டர், அதை இரட்டித்தால் 645. மெல்லிய கம்பி சேணத்தைத் தொட வேண்டிய இடம் 647 இல், தடித்த கம்பி தொட வேண்டிய இடம் 650 இல். நடுக்கோடு பிசகாமல் இருக்க, கழுத்தின் இரண்டு ஓரங்களிலிருந்தும் பாவு நூல் இரண்டு இழைகளை இழுத்துக் கட்டினார் தச்சர். நெசவுப் பேட்டையில் நூலுக்கா பஞ்சம். இவ்வளவையும் பட்டர் பேப்பரில் வரைந்து, கம்பி முனைகளைச் செருகும் துளைகள் ஆறையும் குறித்து, சேணத்தின் சாய்வைச் சிவப்பு மையில் இழுத்துக் கொடுத்தேன்.

அவர் அந்தத் தாளை மரத்துண்டின் அடிப்பக்கத்தில் ஒட்டினார். அவர் செய்ததில் நியாயம் இருந்தது: மேற்பக்கம் பின்னால் வளைவாக இழைக்கப்படப் போகிறது, அங்கே ஒட்டினால் கோடுகள் போய்விடும். அடியிலிருந்து துளையிட்டார், ஆறு துளைகளும் நேர்கோட்டில், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்ததால் அவற்றில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு அதே தாளிலிருந்து சாய்வை மூலைமட்டம் வைத்து மேற்பக்கத்துக்கு ஏற்றி, மெல்லிய ரம்பத்தால் இரண்டு கோடு அறுத்து, நடுவை 3 மில்லிமீட்டர் உளியால் எடுத்தார். பள்ளத்தின் சுவர்கள் கண்ணாடி போல இருந்தன. மாலையில் நான் போய், பசை போடாமல் சும்மா கிட்டாரின் மேல் வைத்து, நூலைப் பிடித்து, அளவுகோலை நீட்டினேன். தடித்த கம்பிப் பக்கம் 647. மெல்லிய கம்பிப் பக்கம் 650.

மறுபடி அளந்தேன். கழுத்துச்சிக் கட்டையிலிருந்து மறுபடி. அளவுகோலைத் தூக்கி அதன் இரண்டு முனைகளையும் பார்த்தேன். தச்சர் மண்ணெண்ணெய்த் துணியால் உளியைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, எழுந்து வந்து, குதிரையை எடுத்துத் திருப்பி, அடியில் இன்னும் ஒட்டியிருந்த என் தாளையும் மேலே வெட்டிய பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "காயிதத்தைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கோணுங்க. நீங்களும் சொல்லல, நானும் பாக்கல" என்றார். அடியில் ஒட்டிய படம் மேலிருந்து பார்க்கும்போது கண்ணாடிப் பிம்பம் ஆகிவிடும். பள்ளியில் பிரதிபலிப்பு, சமச்சீர் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற கணக்கு ஆசிரியை நான். வெளியூர்க் கடைக்காரர் மேல் இருந்த கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மீதிப் பாதியைக் குறைக்கவில்லை. நாங்கள் ஒட்டுவதற்கு முன்னால் அளந்து பார்த்தோம்.

இரண்டாவது மரத்துண்டு எதற்கென்று இப்போது விளங்கியது. அன்று அவர் வேலை செய்யவில்லை. நாங்கள் தெருமுனைக்குப் போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டோம். மறுநாள் புதுத் தாளில், எழுதுகோல் எவ்வளவு பெரிதாக எழுத முடியுமோ அவ்வளவு பெரிதாக, தடித்த கம்பி என்று ஒரு முனையிலும் மெல்லிய கம்பி என்று மறுமுனையிலும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மேற்பக்கத்திலேயே ஒட்டி, வளைவு இழைப்பதைக் கடைசிக்கு ஒத்திவைத்தார்.

அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் போதாது. கிட்டாரின் மேற்பலகை பார்வைக்குத் தட்டை, கைக்கு லேசான வளைவு. ஐம்பது ஆண்டுக்கால இழுவிசை அந்த வளைவை இன்னும் கூட்டியிருந்தது. பலகையின் மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரியும்படி விரித்து, குதிரை உட்காரும் இடத்திலேயே அதன் அடியை முன்னும் பின்னும் தேய்த்தோம். பலகையின் வளைவை மரம் தானே கற்றுக்கொள்ளும். பின்னால் டார்ச் வைத்துப் பார்த்து, வெளிச்சக் கீற்று எங்கும் தெரியாத வரை தேய்த்தார். தீப்பெட்டியிலிருந்த சில்லைத் தன் இடத்தில் ஒட்டினார். கம்பிகளின் முனையிலுள்ள குண்டுகள் தின்று பெரிதாக்கிய உள்பலகைத் துளைகளையும், பழைய போல்ட் துளைகளையும் அடைத்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பசை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை தொடர்ந்த இழுவிசையில், அதுவும் சேலத்து வெயிலில், மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும் என்பது தெரிந்ததே. அது வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்று. மஞ்சள் நிறத் தச்சுப் பசை என்று நான் சொன்னேன். பழுதுபார்ப்பவர்கள் பலர் அதை நம்பிப் பயன்படுத்துகிறார்கள். அவர் வச்சிரம்தான் என்றார். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த அந்தப் பசை காயும்போது கண்ணாடி போல இறுகி, நகர்ந்தே கொடுக்காது. எப்போதாவது மறுபடி பெயர்க்க வேண்டி வந்தால் வெந்நீரும் சூடும் போதும். அதன் சங்கடம், ஆறத் தொடங்கினால் ஒரு நிமிடத்துக்குள் கூழாகிவிடும். ஏற்காட்டில் இந்த வேலை நினைத்துப் பார்க்க முடியாதது. நாங்கள் ஏப்ரல் நடுப்பகலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். சேலத்து வெயிலை நான் பாராட்டிய ஒரே நாள் அது.

இரவே ஊறவைத்த வச்சிரத்தைக் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி இளக்கினார். கொதித்தால் பசையின் பலம் போய்விடும் என்பதால் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார். முதல் நாளே இரண்டு சிம்புகளை ஒட்டிப் பார்த்திருந்தோம். சுத்தியலால் தட்டியபோது ஒட்டு நின்று, மரம் பிளந்தது. ஈட்டியில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அடிப்பக்கத்தை அப்போதுதான் சுரண்டிப் புதுமரம் தெரியச் செய்தார். ஒலித்துளை வழியாக உள்ளே எட்டும் அளவுக்கு நீண்ட வாயுள்ள கிளாம்ப் எங்கும் கிடைக்காமல், லேத் பட்டறை ஒன்றில் சொல்லி மூன்று செய்து வைத்திருந்தேன். குதிரையையும் பலகையையும் லேசாகச் சூடுகாட்டி, பசை தடவி, ஓரத் துளைகள் இரண்டில் ஆணி நிறுத்தி இடம் பிசகாமல் வைத்து, அவர் நடுக் கிளாம்பை இறுக்க, நான் ஓரக் கிளாம்புகளை இறுக்கினேன். சுற்றிலும் தேன் நிறத்தில் பசை வரிசையாகப் பிதுங்கி வந்தது. எங்கும் விட்டுப்போகாமல் வந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்; வெந்நீர்த் துணியால் துடைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

மூன்று நாள் தொடவில்லை. பிறகு எருமை எலும்பில் சேணம் தேய்த்து, மெல்லிய ரகக் கம்பிகள் ஆறையும் கட்டி, முதலில் ஒரு முழுச் சுரம் கீழே நிறுத்தி வைத்து, அடுத்த நாள்தான் உரிய சுருதிக்கு ஏற்றினேன். 12 ஆவது மெட்டில் தடித்த கம்பி உயரம் 2.5 மில்லிமீட்டர். செயலியில் தடித்த கம்பி 1 சென்ட் மேலே, மெல்லிய கம்பி அசையவே இல்லை. இரண்டாவது கம்பி மட்டும் 5 சென்ட் ஏறி நின்றது. அதற்குச் சேணத்தின் உச்சியை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி அரத்தால் தேய்க்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். தேய்த்ததில் 2 ஆகியிருக்கிறது. இன்னும் தேய்க்கப் பயமாக இருக்கிறது.

மே மாதம் கிட்டாரை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அடுப்படியில் காப்பி வடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து, மாமா செய்வதுபோல் மேல் மெட்டில் ஓரக் கம்பிகள் இரண்டையும் சேர்த்துக் கிள்ளினேன். இரண்டும் ஒன்றாகவே கேட்டன, அலையடிக்கவில்லை. அத்தை வெளியே வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். மழை தொடங்குவதற்குள் நான் அதைக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

தவறாக வெட்டிய முதல் குதிரையைத் தச்சர் தூக்கிப் போடவில்லை. அதை வளைவு இழைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்து, பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலக்கைக் கிட்டாருக்கு அப்படியே பொருந்தும். யாராவது வலக்கைக்காரர் குதிரை பெயர்ந்து வந்தால் அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறார். வருகிறவர் 645 மில்லிமீட்டர் கிட்டாரோடு வர வேண்டும் என்றில்லை, ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பேன் என்று சொல்லச் சொன்னார்.